இல்லத்து நம்பர்

இந்தப் பக்கமா உக்காருங்க தம்பி. அக்கட்ட வேண்டாம், அந்தக் காது கேக்காது. இப்பிடி வந்துட்டீங்கன்னா நீங்க பேசறது எனக்குக் கேக்கும். நான் பேசறது நீங்க எங்க உக்காந்தாலும் கேக்கும், அதப் பத்தி வெசனப்பட வேண்டாம்.

தாராபுரமுங்களா? நான் அவ்வளவு தூரம் இல்லீங்க. ஊதியூர் தாண்டி கல்லாங்காட்டுப் பிரிவுல எறங்கிக்குவேன். ஒரு டீக்கட, அதுக்கு எதுத்தாப்பல ஒரு போர்டு. போகும்போது வரும்போது பாத்திருப்பீங்க. ‘பூவாத்தாள் நினைவு குழந்தைகள் இல்லம்.’ பூவாத்தாங்கறது எங்கம்மா. இல்லம் நான் ஆரம்பிச்சது.

ஒரு ஒத்தாச பண்ணுங்க தம்பி. இந்தச் சட்டப் பாக்கெட்டுல போன் இருக்குது. அடிச்சாச் சொல்லுங்க. பஸ்ஸுச் சத்தத்துல எனக்குத் தெரியறதில்ல. தோள்ல ஒரு தட்டுத் தட்டுங்க, போதும். மறந்துராதீங்க.

இப்ப நான் அங்க ஒண்ணும் இல்லீங்க. பொறுப்பெல்லாம் குடுத்தாச்சு. போன தை மாசம் விழா வெச்சு, மால போட்டு, சால்வ போத்தி, சாவிக்கொத்த மரகதத்துகிட்டக் குடுத்தாச்சு. மரகதங்கறது புது நிர்வாகி. எங்க இல்லத்துலயே வளந்த புள்ள. கைக்கொளந்தையா வந்துது, பேரு வெச்சதே நாந்தான். கோயமுத்தூர்ல சமூகப்பணி படிச்சு, மெட்ராஸ்ல ஒரு பெரிய தொண்டு நிறுவனத்துல வேலையில இருந்துது. நாந்தான் கூப்பிட்டேன். நான்னா, கமிட்டி கூப்பிட்டுது. நான் வேண்டாம்னு சொல்லல.

குடுத்ததுக்கப்பறம் நான் எதுலயும் தலையிடறதில்லீங்க. அந்த விசயத்துல நான் நொம்பக் கண்டிப்பு.

ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பத்தான் இது ஆரம்பிச்சுது. நெஞ்சுல ஒரு அடைப்பு. பெருசா ஒண்ணும் இல்ல, டாக்டருங்கதான் பெருசாச் சொன்னாங்க. கமிட்டித் தலைவரு திருமூர்த்தி, அரிசி மில்லு வெச்சிருக்கறவரு, என்னயப் பாக்க வந்தாரு. கையில ஆரஞ்சு. உக்காந்தாரு, ஒரு பழத்த உரிச்சாரு, பாதிய அவரே தின்னாரு. தின்னுட்டே கேக்கறாரு, ‘அண்ணா, உங்களுக்கப்பறம் இல்லத்த யாருங்க பாக்கறது?’ சீக்காளியப் பாக்க வந்தவரு கேக்கற கேள்விங்களா இது? ‘நான் எங்கப்பா போறேன்?’னு கேட்டேன். அவரு மீதிப் பழத்தையும் தின்னுட்டுப் போயிட்டாரு.

அப்பறம் மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர வரவெச்சாங்க. இந்த மாதிரி இல்லமெல்லாம் நெலச்சு நிக்கறதுக்கு வழி சொல்றவராம். மரகதமும் அன்னைக்கு வந்திருந்துது. அவரு போர்டுல நடுவுல ஒரு வட்டம் போட்டு ‘நிறுவனர்’னு எழுதுனாரு. அதச் சுத்தி சின்னச் சின்ன வட்டம். புள்ளைக, சமையல், பள்ளிக்கூடம், நன்கொட, ஆபீசருங்க. எல்லாத்துக்கும் நடு வட்டத்துல இருந்து ஒரு கோடு. எனக்கு அது நொம்பப் புடிச்சிருந்துது. ‘இப்பப் பாருங்க’ன்னு சொல்லிட்டு டஸ்டர எடுத்து நடு வட்டத்த அழிச்சுப்புட்டாரு. நான் மொத வரிசையில உக்காந்திருக்கறேன் தம்பி! அழிச்சுட்டு, ‘என்ன தெரியுது?’ன்னு கேக்கறாரு. ‘சாக்பீஸ் தூசி தெரியுது’ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மரகதம் மட்டும் சிரிக்கல. அது பாட்டுக்கு அந்தக் கோடுகளையே பாத்துட்டிருந்துது.

சரி, குடுத்துட்டேன். குடுத்த அடுத்த நாளே, மக்யா நாளு வெடியால எந்திரிச்சேன், தண்ணி வாத்தேன், சட்ட போட்டேன், பாத்தா பஸ்ஸுல உக்காந்திருக்கறேன். காலு பழகுன பக்கம் போவுது, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ஊட்டுக்காரி போய்ச் சேந்து வருசமாச்சு. எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல. ஊட்ல இருந்து செவுத்தப் பாத்துட்டு உக்காரச் சொல்றீங்களா? போனேன். ஆபீஸ் ரூம்ல என்ற நாற்காலி இருந்துது. உக்காந்தேன். நாற்காலின்னா உக்காரத்தானே? அந்தப் புள்ள வந்துது, ‘வாங்கய்யா’ன்னுது, டீ குடுத்துது, சாப்பாட்டு ஹாலுக்குப் போயி அங்க இருக்கற பெஞ்சுல ஃபைல வெச்சு நின்னுட்டே வேல செஞ்சுது. ஒரு மாசம் அப்பிடித்தான். பாவம், காலு வலிச்சிருக்கும். நான் உக்கார வேண்டாம்னு சொல்லவே இல்ல தம்பி.

அது ஒரு சில மாத்தம் கொண்டு வந்துது. கொண்டு வரட்டும். புதுசா வர்றவங்க நாலு மாத்தம் பண்ணத்தான் செய்வாங்க. மொத மாத்தமே பாட்டு. எங்க இல்லத்துல ஒரு பழக்கம் உண்டுங்க. யாராச்சும் பொறந்த நாளு, நெனவு நாளுன்னு சாப்பாடு போட வந்தா, புள்ளைக வரிசையா நின்னு அவங்க பேரச் சொல்லி வாழ்த்திப் பாடிட்டுத்தான் உக்காரும். வந்தவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். போட்டோ புடிப்பாங்க. இந்தப் புள்ள வந்து, ‘அது வேண்டாங்கய்யா’ன்னுது. ஏன் கண்ணுன்னு கேட்டா, ‘நானும் நின்னிருக்கறேன். தட்டுல பருப்பு ஆறி ஏடு கட்டறதப் பாத்துட்டே பாடிருக்கறேன்’னு சொல்லுது. ஏடு கட்டுனா என்னங்க, கலக்கித் திங்கறது! ஆனா நான் ஒண்ணும் சொல்லல. புள்ளைககிட்ட மட்டும், அவங்களா ஆசப்பட்டாப் பாடலாம்னு சொல்லி வெச்சேன்.

ரெண்டாவது மாத்தம், ஒரு நாளைக்கு ஒருத்தர்தான் சாப்பாடு போடோணும், அதுவும் ஆபீசுக்குப் போன் பண்ணி நாள் கேட்டுட்டுத்தான் வரோணும். அதுக்குன்னு ஒரு புது நம்பர் வாங்குச்சு. போர்டுல பழைய நம்பர அழிச்சுட்டுப் புதுச எழுதச் சொல்லுச்சு. எழுதட்டும். நான் பெயிண்டருக்குத் தொணையா நின்னேன், அவ்வளவுதான். கீழ ஓரமா பழைய நம்பரையும் சின்னதா எழுதீருப்பான்னு சொன்னேன். சின்னதான்னுதான் சொன்னேன். அவன் கை வாக்குல அது புதுச விடப் பெருசா வந்துருச்சு. அதுக்கு நான் பொறுப்பாக முடியுங்களா?

பழைய நம்பர்ங்கறது இதுதான், இந்தப் பாக்கெட்டுல இருக்கறது. அடிச்சாச் சொல்லுங்க, மறந்துராதீங்க.

இந்த நம்பர் மத்தவங்க நம்பர் மாதிரி இல்லீங்க. எங்க இல்லத்துக்கு எந்தப் புள்ள வந்தாலும் அ, ஆ அப்பறம், மொதல்ல நம்பர். கும்மி மெட்டுல போட்டு வெச்சிருக்கறேன். அஞ்சு எண்ணு சொல்லோணும், கையத் தட்டோணும், அப்பறம் அஞ்சு. பல்லு வெளக்கும்போது ஒருக்கா, படுக்கும்போது ஒருக்கா. எங்க தொலஞ்சாலும், எவன் கூட்டிட்டுப் போனாலும், யாருகிட்டயாவது போன் வாங்கி அடிச்சா நான் எடுப்பேன். பழனித் தைப்பூசக் கூட்டத்துல ஒரு பொடியன் தொலஞ்சு, போலீஸ்காரரு போன்ல பாடிட்டே அடிச்சான். திருப்பூருக்குக் கட்டிக் குடுத்த புள்ள புருசன் அடிச்சா இதுலதான் கூப்பிடும். நோம்பி நொடின்னா அடிச்சுட்டே இருக்கும். பெத்தவங்களுக்கு அடிக்கறாப்பல அடிப்பாங்க. அதனாலதான் குடுக்கல. சாவி குடுத்தேன், பேங்குல கையெழுத்துக் குடுத்தேன், மரகதம் பின்னால நாற்காலி கேட்டுது, அதையும் குடுத்துட்டேன். இது வேற.

ஆவணி மாசம் நடந்ததச் சொல்லீர்றேன். இல்லத்துல அந்தப் புள்ளயால சமாளிக்க முடியாமப் போன விசயம். நான் யாருகிட்டயும் சொல்றதில்ல, நீங்க வெளியூரு, உங்ககிட்டச் சொன்னாத் தப்பில்ல.

ஒரு ஞாயித்துக்கெழம. மரகதம் கோயமுத்தூருக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருச்சு. நான் சும்மா போயிருந்தேன். மத்தியானம் பாத்தா கேட்டு முன்னாடி ஒரு வேன் வந்து நிக்குது. பஸ் முதலாளி ஒருத்தரு, பேரனுக்குப் பொறந்த நாளு, மட்டன் பிரியாணி. அது பின்னாலயே ஒரு ஆம்னி. ரிட்டயர்டு வாத்தியாரு, சம்சாரத்தோட நெனவு நாளு, வட பாயாசத்தோட எலச் சாப்பாடு. அவரு எறங்கறதுக்குள்ள ஒரு காரு. மொதக் கொளந்தைக்கு மொட்ட போட்டுட்டு நேரா வர்றாங்க, பரோட்டா, கேக்கு, ஐஸ்கிரீமு. மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறாங்க. மூணு பேரும் என்னயப் பாத்து, ‘அய்யா, நீங்கதானே வரச் சொன்னீங்க’ங்கறாங்க.

நாந்தான் சொல்லியிருப்பேன், இல்லைங்கல. போன் பண்ணிக் கேக்கறவங்ககிட்ட வராதீங்கன்னு எப்பிடித் தம்பி சொல்றது? நாப்பது வருசமா என்ற வாயில அந்த வார்த்த வந்ததில்ல. அந்த வார்த்த வராததுனாலதான் அந்த எடத்துல ஒரு கட்டடம் நிக்குது.

சரி, மூணு பேரும் வந்துட்டாங்க. யாரத் திருப்பி அனுப்பறது? புள்ளைகளுக்கு நான் ஒரு பழக்கம் சொல்லிக் குடுத்திருக்கறேன். யாரு எல போட்டாலும் வேண்டாம்னு சொல்லக் கூடாது, குடுக்கறவங்க மனசு நோகக் கூடாது. தங்கமான புள்ளைக. மொதல்ல பிரியாணி தின்னுச்சுக. கையக் கழுவிட்டு வந்து எலயில உக்காந்துச்சுக, வாத்தியாரு மனசு நோகாமத் தின்னுச்சுக. அவரு பக்கத்துல நின்னு, ‘இன்னுங் கொஞ்சம் பாயாசம் ஊத்துங்க’ன்னு அழுவறாரு. அப்பறம் பரோட்டா, கேக்கு, ஐசு. அன்னைக்குப் பாட்டும் உண்டு. மூணு தடவ பாடுச்சுக. மூணாவது பாட்டுல சத்தம் கொஞ்சம் கம்மிதான். எனக்கு மனசு நெறஞ்சு போச்சு தம்பி. எத்தன நாளாச்சு அந்தப் பாட்டக் கேட்டு! பொழுதோட பஸ்ஸுக்கு நான் வந்துட்டேன்.

அதுக்கப்பறம்தான் வாந்தியும் பேதியும். சின்னப் புள்ளைக எல்லாத்தையும் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்களாம். யாருக்கும் ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். நான் இருந்த வரைக்கும் புள்ளைக நல்லாத்தான் இருந்துச்சுக. நான் வந்ததுக்கப்பறம் நடந்ததுக்கு நான் என்ன சொல்றது?

மக்யா நாளு ஆபீசருங்க வந்துட்டாங்க. ஒரே நாள்ல மூணு எடத்துச் சாப்பாடு, யாரு அனுமதி குடுத்ததுன்னு கேட்டாங்க. இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா உரிமத்த ரத்து பண்ணிருவோம், புள்ளைகளப் பிரிச்சு வேற வேற இல்லத்துக்கு அனுப்பிருவோம்னாங்க. நானும் அங்கதான் நின்னுட்டிருந்தேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தப் புள்ள, ‘நாந்தாங்க சார், என்ற கவனக்கொறவுதான்’னுருச்சு. அதுவே ஒத்துக்கிச்சு. அதுக்கு மேல நான் என்ன சொல்றது? தலையிடறதில்லைன்னு வார்த்த குடுத்திருக்கறனே.

என்னங்க? அடிக்குதுங்களா? இருங்க, இருங்க... பட்டன் வேற... ஹலோ! யாரு கண்ணு? யாரு சாமி பேசறது? சத்தமாச் சொல்லு, நான் அய்யாதான். எங்க இருக்கற கண்ணு?

ஓ. நீங்களுங்களா. சொல்லுங்க, சொல்லுங்க. ஆமாங்க... அறுவதாங் கல்யாணமுங்களா, நல்லதுங்க. ஆகட்டுங்க. ஞாயித்துக்கெழமதானே, வாங்க வாங்க, அதுக்கென்ன, புள்ளைகளுக்கு லீவுதான்... கேக்குதுங்களா? வாங்க. வெச்சுர்றேன்.

வேற ஒருத்தருங்க. வெள்ளகோயில்ல எண்ணெ ஆலை வெச்சிருக்கறாரு. நல்ல மனுசன்.

ஏன் தம்பி அப்பிடிப் பாக்கறீங்க? நான் மரகதத்துகிட்டச் சொல்லிக்குவேன்.

எங்க விட்டேன்? ஆங், ஆபீசருங்க. அவங்க வந்துட்டுப் போன ரெண்டாம் நாளு அந்தப் புள்ள என்ற ஊட்டுக்கு வந்துது. கையில தூக்குப்போசி. இல்லத்துல அன்னைக்கு வெச்ச கொள்ளுப் பருப்பு, எனக்குப் புடிக்கும்னு கொண்டாந்துது. நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பரிமாறுச்சு. அப்பறம், ‘அய்யா, அந்த நம்பரக் குடுத்துருங்க’ன்னுது.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ‘ஏங்கண்ணு, உனக்குத்தான் புது நம்பர் இருக்குதல்லோ’ன்னேன். ‘அது வர்றவங்களுக்குங்கய்யா. இது நம்ம புள்ளைகளுக்கு. எனக்கும் இதுதான் தெரியும். மெட்ராஸ்ல மொத நாளு ஹாஸ்டல்ல பயந்துட்டு பாத்ரூமுக்குள்ள நின்னு இதத்தான் அடிச்சேன். இது இல்லத்து நம்பர். உங்க நம்பர் இல்லீங்க’ன்னுது.

என்ன பேச்சுப் பேசுது பாருங்க! பேரு வெச்சவன்கிட்ட!

‘நான் எடுத்தேனா இல்லியா?’ன்னு கேட்டேன். ‘எடுத்தீங்க’ன்னுது. ‘எத்தன மணிக்கு அடிச்சாலும் எடுத்தேனா இல்லியா?’ ‘எடுத்தீங்கய்யா. இனி யாரு எடுப்பாங்க? உங்களுக்கு ஒரு காது கேக்கல. நெஞ்சுல அடைப்பு. ஜீவிதா அடிச்சா, உங்களுக்கப்பறம் யாரு எடுப்பாங்க?’ன்னு கேட்டுது.

திருமூர்த்தி கேட்டப்பக்கூட எனக்கு அவ்வளவு கோவம் வல்ல. ‘நான் சாகறதுக்கு நாள் பாக்கறயா?’ன்னு கத்திட்டேன். அந்தப் புள்ளைக்குக் கண்ணுல தண்ணி நிக்குது. ‘அழுதுட்டுக் கேக்கலீங்கய்யா, கோவத்துலதான் கேக்கறேன்’னு சொல்லிட்டு, தூக்குப்போசியக் கழுவி எடுத்துட்டுப் போயிருச்சு.

ஜீவிதான்னா யாருன்னு கேக்கறீங்களா? அது ஒரு புள்ளைங்க. ரெண்டாவது படிச்சுட்டிருந்துது, முன்னாடி ரெண்டு பல்லு இல்ல. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் இல்ல. பொங்க நோம்பி லீவுக்கு மாமங்காரன் வந்து கூட்டிட்டுப் போனான். சொந்த மாமன், எப்பிடி அனுப்பாம இருக்கறது? திரும்பி வல்ல. போய்ப் பாத்தா ஊட்டப் பூட்டிட்டு எங்கயோ செங்கச்சூளைக்குக் குடும்பத்தோட போயிட்டாங்கன்னாங்க. போலீசுல சொன்னோம், பேப்பர்ல போட்டோம், சூளை சூளையா நானும் அலஞ்சேன். எட்டு ஒம்போது வருசம் ஆச்சு. பஸ்ஸு ஏறும்போது ஜன்னலப் புடிச்சுட்டு நம்பரப் பாடிட்டே போச்சு. பல்லு இல்லாததுனால எட்டுக்குப் பதிலா காத்துத்தான் வரும்.

அது அடிக்கும் தம்பி. மறக்கற புள்ள இல்ல அது. அதுக்குத்தான் இந்தப் போன நான் ஒரு நாளும் ஆஃப் பண்ணுனதில்ல. ஆப்பரேசன் தியேட்டருக்குள்ள போகும்போதுகூட நர்சம்மாகிட்டக் குடுத்து, அடிச்சா எடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன்.

வெயிலு உங்க மேல அடிக்குதா? சித்த இக்கட்ட நவுந்து உக்காருங்க. ஊதியூர் வந்துருச்சு, இனிச் சித்த நேரந்தான்.

போன வெள்ளிக்கெழம மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தேன். நான் மத்தியானம் தூங்கறவனே இல்ல. அன்னைக்கு அசந்துட்டேன். கேக்கற காது தலகாணில பதிஞ்சிருச்சு. கேக்காத காது மேல. போன் தலமாட்டுலதான் இருந்துது. எந்திரிச்சுப் பாத்தா ஒரே நம்பர்ல இருந்து திரும்பத் திரும்ப அடிச்சிருக்குது. தெரியாத நம்பர். ஒடனே திருப்பி அடிச்சேன். பல்லடம் பக்கம் ஒரு பேக்கரிங்க. கடைக்காரரு எடுத்தாரு. ‘ஒரு பொண்ணுங்க, மில்லு யூனிபாரம் போட்டுட்டு வந்துது, அவசரம்னு போன் கேட்டுது. நாலஞ்சு தடவ அடிச்சுப் பாத்துச்சு, யாரும் எடுக்கல. மில்லு வண்டி வந்துருச்சு, கூப்பிட்டாங்க, ஏறிப் போயிருச்சு’ன்னாரு.

எந்த மில்லு? தெரியலைங்கறாரு. அந்தப் பக்கம் மில்லு ஒண்ணா ரெண்டா? ஏதாச்சும் பேர் சொல்லுச்சாங்கன்னு கேட்டேன். ‘பேர் சொல்லலீங்க. ஆனா அந்தப் பொண்ணு நம்பர எதையும் பாத்து அடிக்கல. வாய்க்குள்ள பாட்டு மாதிரி முணுமுணுத்துட்டே அடிச்சுது, நடுவுல ஒரு தடவ கையத் தட்டுச்சு. எனக்கே அதிசயமா இருந்துது’ன்னாரு.

ஜீவிதாவாத்தான் இருக்கோணும்னு இல்லீங்க. எங்க புள்ளைக எல்லாமே பாடிட்டேதான் அடிக்கும். வேற புள்ளயா இருக்கும். அதுவுமில்லாம டவர் வேற எங்கூட்டுப் பக்கம் சரியில்ல, தம்பி. டவர் சரியில்லாம இருந்திருக்கும்.

இல்ல. டவர் எல்லாம் நல்லாத்தான் இருந்துது.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அந்த பேக்கரிலயே உக்காந்திருந்தேன். வண்டி வண்டியா மில்லுப் புள்ளைக போவுதுக. எல்லாம் ஒரே யூனிபாரம், ஒரே மாதிரி பின்னல். பல்லு மொளச்ச புள்ளைய நான் எப்பிடி அடையாளம் கண்டுபுடிக்கறது? மரகதத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். திட்டும்னு நெனச்சேன். திட்டல. ‘அய்யா சாப்பிட்டீங்களா?’ன்னு கேட்டுது. அப்பறம் ஆபீசருங்ககிட்டச் சொல்லி, இல்லத்துல இருக்கற வார்டன் பொண்ணையும் கூட்டிட்டு மில்லு மில்லா ஏறி எறங்கிட்டிருக்குது. அந்தப் பொண்ணு இன்னும் கெடைக்கல. திட்டியிருந்தாப் பரவால்லீங்க. திட்டியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்த பேசியிருப்பேன்.

அதுதான், இன்னைக்குக் குடுத்தரலாம்னு போறேன். இல்லத்துல பகலுக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர்னு மொறை போட்டு எடுப்பாங்களாம். போன் சார்ஜ் எறங்குனா மாத்தறதுக்கு மரகதம் இன்னொண்ணு வெச்சிருக்குதாம். எடுக்கற புள்ளைகளுக்கு எல்லாம், முன்னாடி இருந்த புள்ளைக பேரு, அடையாளம் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டிருக்குதாம். பழக்கிருச்சுன்னா, அப்பறம் யாரு இருந்தாலும் இல்லாட்டியும் அது ஓடும்ங்குது. ஓடட்டும். ஓடோணும்னுதானே நானும் ஆரம்பிச்சேன்.

திங்கக்கெழமையே குடுக்கறதுக்குத்தான் போனேன். போனேன், டீ குடிச்சேன், புள்ளைகளப் பாத்தேன், கொய்யா மரத்துக்குக் கவாத்துப் பண்ணுனது சரியில்லைன்னு சொன்னேன், வந்துட்டேன். ஊட்டுக்கு வந்து சட்டையக் கழட்டும்போது பாக்கறேன், பாக்கெட்டுலயே இருக்குது. நேத்தும் கெளம்புனேன். நேத்து மழ. மழைல போன் நனஞ்சிரும்னு கல்லாங்காட்டுப் பிரிவுல எறங்கல, தாராபுரம் போயி அதே பஸ்ஸுல திரும்பிட்டேன். கண்டக்டரு கேட்டாரு, ‘எங்கய்யா போறீங்க?’ன்னு. என்னத்தச் சொல்றது?

அதா, டீக்கட தெரியுது. போர்டு பாருங்க, கீழ இருக்கற நம்பர் பெருசா இருக்குதல்ல? பெயிண்டரு கை அப்பிடி.

தம்பி, நீங்க ஒண்ணு பண்ணோணும். தாராபுரம் போயி எறங்கி, டீ சாப்பிட்டுட்டு, இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க. வேண்டாம், வேண்டாம், எழுதாதீங்க. உங்க போன்லயும் பதிய வேண்டாம், அது தொலஞ்சிரும். பாட்டாச் சொல்லித் தர்றேன், அஞ்சு எண்ணு, ஒரு தட்டு, அஞ்சு எண்ணு. வெக்கப்படாதீங்க, பஸ்ஸுல யாரும் பாக்கல. எங்கூடச் சொல்லுங்க...

இன்னொருக்கா. தட்டறதுல தப்பு வந்துருச்சு.

அப்பிடித்தான்! இனி சாகற வரைக்கும் மறக்காது.

இருப்பா கண்டக்டரே, எறங்கறேன், வயசானவன், விசில் ஊதாத!

அடிச்சுப் பாருங்க தம்பி. பொம்பளப் புள்ள கொரல் எடுத்துச்சுன்னா, ஒண்ணும் பேச வேண்டாம், வெச்சுருங்க, நான் குடுத்துட்டேன். நான் எடுத்தேன்னா, ‘பெரியவரே, இன்னும் குடுக்கலியா?’ன்னு கேளுங்க. சத்தமாக் கேளுங்க.